தொங்கட்டான் ராஜா

1

பிப்ரவரி நெருங்கினால் எனக்கு வயிறு எரிய ஆரம்பிக்கும். இந்த வருஷம் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது.

காரணத்தைச் சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். ஏற்கெனவே என் மச்சினன் போனில் சிரித்துவிட்டான். "இந்த வயசுல பொம்மை வச்சு விளையாடுதியளா அத்தான்?" என்று கேட்டான். ஆமாம், விளையாடுகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பதாவது வயதில் ஊரை விட்டு மும்பைக்கு வந்தவன். தாராவியில் கவரிங் நகை வார்க்கும் பட்டறை, செம்பூரில் இரண்டு அறை வீடு. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பிரெஞ்சு ராஜா.

விஷயம் இதுதான். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் பவியா என்ற ஊரை ஒரு பிரெஞ்சு ராஜா முற்றுகை போட்டிருந்தான். ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த பெரிய வேட்டைத் தோப்பு இருந்தது. அதற்குள்தான் அவன் பாளையம். ஊரை மீட்க வந்த பேரரசனின் படை இரவோடு இரவாக மதிலை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. விடியும்போது ஒரே பனிமூட்டம். ராஜாவிடம் நல்ல பீரங்கிகள் இருந்தன, அவை நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தன. ஆனால் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. குதிரைப் படையோடு பாய்ந்து தன் பீரங்கிகளுக்கு முன்னாலேயே போய்விட்டான். சுட்டால் சொந்த ராஜாமேல் படும் என்று பீரங்கிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மரங்களுக்குப் பின்னால் இருந்த துப்பாக்கிக்காரர்கள் குதிரைவீரர்களை ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளினார்கள். கடைசியில் ராஜாவை உயிரோடு பிடித்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் நடந்தது ஒரு பிப்ரவரி இருபத்துநாலாம் தேதி.

அந்தத் தேதியை ஒட்டிவரும் ஞாயிறன்று நானும் என் சிநேகிதர் ராமநாதன் சாரும் ஒரு மேஜைமேல் அந்தப் போரை மறுபடி நடத்துவோம். விரல் உயரத்துக்கு உலோகச் சிப்பாய்கள், அளக்க ஸ்கேல், அதிர்ஷ்டத்துக்குப் பகடை. எந்தப் படை எங்கே போக வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் முன்கூட்டியே எழுதி, ஒரே நேரத்தில் பிரித்துப் பார்ப்போம். எழுதிய பிறகு மாற்ற முடியாது. நான் எப்போதும் பிரெஞ்சு, அவர் எப்போதும் பேரரசு. ராஜாவை அவர் பிடித்துவிட்டால் அந்த ராஜா பொம்மை ஒரு வருஷம் மாட்டுங்காவில் அவர் வீட்டில் இருக்கும். தப்பித்துவிட்டால் என் வீட்டில். பாதிக்கு மேற்பட்ட வருஷங்கள் அது அவர் வீட்டில்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்வேன். வேறு எப்படியெல்லாமோ தோற்றிருக்கிறேனே தவிர, அந்த முட்டாள் ராஜாவைப்போல் என் பீரங்கியை நானே மறைத்துக்கொண்டு ஒருநாளும் நின்றதில்லை. போன வருஷம்வரை.

2

ராமநாதன் சார் எனக்கு அறிமுகமான கதையைச் சொல்லாமல் போனால் ராஜாவைப் பற்றிப் புரியாது.

அவர் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்தவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு முழுக்கப் போர்களைப் பற்றிய புத்தகங்கள். லண்டனில் இருக்கும் அவருடைய அத்திம்பேர் ஒருமுறை பவியா சிப்பாய்கள் சிலதும் குதிரைமேல் ஒரு ராஜாவும் அனுப்பியிருக்கிறார். மிச்சப் படையை வாங்க இவருக்கு வழியில்லை. யாரோ சொல்லி, ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அவர்களைப் படுக்கவைத்து, தாராவியில் என் பட்டறையைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இதே மாதிரி இன்னும் வார்த்துத் தர முடியுமோ?" என்றார்.

பார்த்தேன். நான் தினமும் செய்கிற வேலைதான். ரப்பர் அச்சு, ஈயமும் தகரமும் கலந்த அதே உலோகம், அதே சுழலும் மிஷின். தோட்டுக்குப் பதில் சிப்பாய். வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முப்பத்தொன்பது ஈட்டிக்காரர்களையும் ஒரு ராஜாவையும் வார்த்துக் கொடுத்தேன்.

அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, தலையில?"

அப்போதுதான் நானே பார்த்தேன். நாற்பது பேர் தலையிலும் ஒரு வளையம். எங்கள் தொழிலில் எதை வார்த்தாலும் மேலே ஒரு வளையம் வைத்துவிடுவோம். முலாம் பூசும்போது கம்பியில் கோத்துத் தொங்கவிட அது வேண்டும். அச்சு வெட்டியபோது பழக்கத்தில் கை தானாக வைத்துவிட்டது. இத்தாலிக்குப் போர் செய்யப் போகிற நாற்பது பேரும் காதில் மாட்டத் தயாராக நின்றார்கள். எனக்கு மானம் போய்விட்டது. உருக்கிவிட்டு வேறு வார்த்துத் தருகிறேன் என்றேன்.

அவர் விடவில்லை. "இருக்கட்டும், முருகேசன். லோகத்துல இப்படி ஒரு சேனை எவன்கிட்டயும் இருக்காது" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்தடுத்த வருஷங்களில் வளையமில்லாமல் நூற்றுக்கணக்கில் வார்த்தேன். ஆனால் அந்த முதல் நாற்பதுக்குத் தொங்கட்டான் படை என்ற பெயர் நிலைத்துவிட்டது. ராஜாவை மாற்றவே விடவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, ராஜா சிறைப்பட்ட வருஷங்களில் வளையத்தால் அதில் மாட்டி வைத்துவிடுவார். படை முழுவதும் அவர் வீட்டு மர பீரோவில்தான் இருக்கும். மேஜை அவருடையது, புத்தகம் அவருடையது, விதிகளைச் சொல்லித் தந்ததும் அவர்தான். வார்த்த கை மட்டும் என்னுடையது.

எங்கள் ஊர் ஆள் ஒருவனுக்கு மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் கூடம்வரை போய் உட்கார்ந்து காபி குடிக்கிற உறவு வாய்ப்பது அந்த நாளில் சாதாரணம் இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் பிறகு வயிறு எரிந்தது.

3

முதல் போர் நடந்த ஞாயிறன்று என் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. என் அம்மாவின் பெயரை வைத்து இசக்கியம்மாள் என்று பெயரிட்டிருந்தோம். நான் போட்ட பகடையெல்லாம் ஒன்றும் இரண்டுமாக விழுந்ததைப் பார்த்து, "அப்பா, நான் போடறேன்" என்றாள். ஆறு விழுந்தது. மறுபடியும் ஆறு. அன்றைக்கு ராஜா தப்பித்துவிட்டான்.

அன்றிலிருந்து நான் பகடையைத் தொட்டதில்லை. பதினான்கு வருஷம் என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்காக அவள்தான் போட்டாள். கைராசிக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அவளும் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்திலேயே இசக்கியம்மாள் இஷா ஆகிவிட்டது. தமிழ் பேசுவாள், ஆனால் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் எழுதும் இந்தக் குறிப்பை அவளால் முதல் பத்திக்கு மேல் படிக்க முடியாது. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது அவளிடம் பேசிய சொந்தக்காரர்கள் எல்லோரும் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு ஏதும் திக்குவாயா?" என்று கேட்டார்கள். தமிழில் ஒரு வார்த்தையைத் தேடும்போது அவள் அப்படித்தான் தயங்குவாள்.

நகை வடிவமைப்புப் படித்து, கம்ப்யூட்டரில் மோதிரம் வரையும் வேலைக்குப் போனாள். சனி ஞாயிறு சிநேகிதிகள். என்னோடு பேசுவது சாப்பாட்டு நேரத்தோடு சரி. ஆனால் பிப்ரவரி ஞாயிறு மட்டும் தவறமாட்டாள். அந்த ஒரு நாள் எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன்.

4

போன வருஷம் போருக்கு ஐநூறு வயது. பெரிதாக நடத்த வேண்டும் என்று நானும் சாரும் தீபாவளியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம். ஜனவரியில் ஒருநாள் தாராவியில் மின்சாரம் இல்லை. பட்டறையை மூடிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டினார். எனக்கு உயிர் போய்விட்டது.

பாஸ்போர்ட் விசாரணை. இசக்கியம்மாள் முருகேசன் யார், இந்த முகவரியில்தான் இருக்கிறாளா என்று கேட்டார். அவள் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டதே எனக்குத் தெரியாது. என் மனைவி செண்பகம் டிவிமேல் இருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து நீட்டினாள். ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போலீஸ்காரர் நிதானமான மனிதர். முதலில் பெயர் விவகாரம். இந்த ஊரில் ஒவ்வொரு படிவத்துக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? என் பெயரையே பின்னால் போட்டிருந்தாள். அப்படியானால் நீங்கள் முருகேசன் முருகேசனா என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம், சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டியவர் அங்கே விரலை வைத்தார்.

"யே ராம்நாதன் ஆப் கே கோன் லக்தே ஹை?"

இந்த ராமநாதன் உங்களுக்கு என்ன முறை என்கிறார். எட்டிப் பார்த்தேன். ஆபத்து அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில் ராமநாதன் சாரின் பெயரும் மாட்டுங்கா முகவரியும் அவருடைய போன் நம்பரும் இருந்தன. என் நம்பர் எங்கும் இல்லை.

"தோஸ்த்" என்றேன். சிநேகிதர் என்று அர்த்தம்.

அவர் போன பிறகு செண்பகம் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தாலியில் மிலான் என்ற நகரத்தில் நகை வடிவமைப்புக்கு இரண்டு வருஷப் படிப்பு. உதவித்தொகையோடு இடம் கிடைத்தாயிற்று. செப்டம்பரில் கிளம்ப வேண்டும். மனு எழுதியபோது ஆங்கிலம் திருத்திக் கொடுத்தது ராமநாதன் சார். மிலானிலிருந்து பவியாவுக்கு அரை மணி நேர ரயில். மும்பை லோக்கலில் சயானிலிருந்து அம்பர்நாத் போவதைவிடக் குறைவு. பதினான்கு வருஷமாக நான் ஒட்டுப்பலகையில் கட்டிக்கொண்டிருந்த மதிலை என் மகள் போய்த் தொட்டுப் பார்க்கப் போகிறாள். அது ராமநாதனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"உங்ககிட்ட யாரு சொல்லுவா? வாயைத் திறக்கும்போதே ஈயம் ஆறிரும்னு கிளம்பிப் போயிருவிய" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி அந்த மனுசன்மேல வயித்தெரிச்சல் படாதிய, ஆமா" என்றாள்.

நான் படவில்லை என்றேன். பட்டேன். அவர் திருத்திக் கொடுத்த ஆங்கிலத்தின்மேல், அவர் வீட்டுக் காபியின்மேல், பிள்ளை பெறாமலே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்ட அவருடைய சாமர்த்தியத்தின்மேல் எல்லாம் பட்டேன்.

5

மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று விறைப்பாக இருந்தேன். அதற்குப் பதில், அடுத்த ஞாயிறு நேராக மாட்டுங்காவுக்குப் போனேன்.

"சார், இந்தத் தடவை என் பட்டறைல வச்சிக்கலாம். பொம்மைய எல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன். பெயிண்ட் அடிக்கணும்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அதற்கு முந்தின வருஷம்தான் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தோம். "இங்கேயே இருந்தா குடியா முழுகிப்போகும்?" என்றார்.

"நான் வார்த்ததுதானே சார்."

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து ஒவ்வொரு சிப்பாயையும் தானே சுற்றிக் கொடுத்தார். ராஜா அந்த வருஷம் அவர் வீட்டு ஆணியில்தான் இருந்தான். அவனையும் கழற்றிப் பஞ்சில் வைத்து, "இவனை ஜாக்ரதையா பாத்துக்கோங்கோ" என்றார். இரண்டு அட்டைப் பெட்டிகளோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் படை கனத்தது. அப்போதுதான் என் அப்பா நினைவுக்கு வந்தார்.

பத்தொன்பது வயதில் மும்பைக்குப் போகப்போகிறேன் என்று நான் முதலில் சொன்னது அப்பாவிடம் இல்லை. சைக்கிள் கடை ஆறுமுக அண்ணாச்சியிடம். அவர் கடை பெஞ்சில்தான் நான் நாள் முழுக்கக் கிடப்பேன். டிக்கெட்டுக்குக்கூட அவர்தான் ஆள் அனுப்பினார். அப்பாவுக்குச் செய்தி எட்டியபோது அவருடைய சைக்கிள் அந்தக் கடையில் பஞ்சருக்குப் பிரித்துப் போட்ட நிலையில் இருந்தது. விறுவிறுவென்று போனார். "என் சைக்கிளைக் கொடு" என்றார். அண்ணாச்சி, "முன் வீலைக் கழத்தியிருக்கு மாமா, அஞ்சு நிமிஷம்" என்றார். அப்பா ஒரு தோளில் சைக்கிளையும் ஒரு கையில் வீலையும் தூக்கிக்கொண்டு பஜார் வழியாக வீட்டுக்கு நடந்து வந்தார். ஊரே பார்த்தது. சாகும்வரை அந்தக் கடைக்கு அவர் போகவில்லை. மும்பையிலிருந்து நான் எஸ்.டி.டி. பூத்தில் நின்று போன் செய்யும்போதெல்லாம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆறுமுகத்துக்கு லெட்டர் போட்டியா?" என்பதுதான். போடவில்லை என்றால் குரல் லேசாகும். கிழவருக்கு என்ன புத்தி என்று அப்போது எரிச்சலாக வரும்.

பஸ் தாராவியில் நின்றது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

6

போர் நாளன்று பட்டறையைக் கழுவி, இரண்டு வார்ப்பு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்தேன். ஒட்டுப்பலகையில் மதில். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்துக் குச்சியில் ஒட்டி மரங்கள். இடது பக்கம் என் பீரங்கிகள். அவற்றுக்குப் பின்னால், வழக்கம்போலப் பத்திரமாக, குதிரைப் படையும் ராஜாவும். என் பக்கத்தில் ஸ்டூல்.

ராமநாதன் சார் டிபன் பாக்ஸில் உப்புமாவோடு வந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ரொம்ப ஜோரா போட்டிருக்கேள்" என்று மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இசக்கி பத்து மணிக்கு வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் போனாள்.

"அப்பா, நான் இன்னிக்கு ராம் அங்கிள் பக்கம். துப்பாக்கிக்காரங்க என் கமாண்ட். அங்கிள் ஓகே சொல்லிட்டாரு."

என் காதுக்குள் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. "ஏன்?" என்றுகூடக் கேட்கவில்லை. "சரி" என்றேன்.

முதல் சுற்றில் என் பீரங்கிகள் நன்றாகச் சுட்டன. இரண்டாவது சுற்றிலும். பேரரசின் ஈட்டிப்படை கலைந்தது. இப்படியே இன்னும் மூன்று சுற்று சுட்டிருந்தால் ஆட்டம் என்னுடையது. ஆனால் எதிரே இருவரும் ஒரு சீட்டின்மேல் தலையைக் குனிந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். "நீ என்ன நினைக்கறே?" என்று அவர் கேட்டார். அவள் மரங்களைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். மேஜையின் நடுவில் ராமநாதன் சாரின் சொந்தக் கொடி நின்றது. எனக்கு மதிலும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. அந்தக் கொடி மட்டும்தான் தெரிந்தது. சீட்டை எடுத்து, 'ராஜாவும் குதிரைப் படை முழுவதும் நேராக முன்னேறித் தாக்கும்' என்று எழுதினேன்.

சீட்டுகளைப் பிரித்தோம். நான் சொல்லச் சொல்லக் கேட்ட ராமநாதன் சார் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார்.

"முருகேசன், பீரங்கியெல்லாம் பின்னாடின்னா இருக்கு. யோசிச்சுத்தான் எழுதினேளா? வேணும்னா மாத்திக்கோங்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எழுதினா எழுதினதுதான்" என்றேன்.

குதிரைகளை நகர்த்தினேன். என் பீரங்கிகளுக்கு முன்னால், அவற்றை முழுதாக மறைத்துக்கொண்டு, என் ராஜா நின்றான். ஐநூறு வருஷமாக உலகம் சிரிக்கிற அதே இடம்.

பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பின்னாலிருந்து இசக்கியின் துப்பாக்கிக்காரர்கள் வெளியே வந்தார்கள். அவள் எழுதிய சீட்டு இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக இருந்தது. மரத்துக்குப் பின்னால் காத்திரு, அப்பா வந்தால் சுடு. ராஜா வந்தால் என்றுகூட எழுதவில்லை. மூன்றே சுற்றில் என் குதிரைவீரர்கள் தீர்ந்தார்கள். ராஜாவைச் சுற்றி வளைத்தாயிற்று. தப்பிக்க ஒரே ஒரு வாய்ப்பு. பகடையில் நாலோ அதற்கு மேலோ விழ வேண்டும்.

பதினான்கு வருஷப் பழக்கம். பகடையை எடுத்து, மேஜையைத் தாண்டி, அவளிடம் நீட்டினேன். எதிரியின் கையில். அவளும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்களே போடுங்கப்பா."

போட்டேன். இரண்டு.

ராமநாதன் சார் எழுந்து, "நான் டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனார். வெளியில் டீயே குடிக்காத மனிதர்.

"அவருகிட்ட மொதல்ல சொல்லியிருக்க" என்றேன். என் குரலில் என் அப்பா இருந்தார்.

"அங்கிள் கேட்டாரு. அடுத்து என்ன பண்ணப் போறேன்னு கேட்டாரு. சொன்னேன். அவ்ளோதான்."

"நான் கேட்டா சொல்லியிருக்கமாட்டியா?"

"நீங்க கேட்டதே இல்லப்பா. பகடையைப் போடும்பீங்க, போட்டேன். இந்தக் குதிரையை எங்கே விடலாம்னு ஒரு வாட்டியாவது என்னைக் கேட்டிருக்கீங்களா?"

நான் விழுந்து கிடந்த குதிரைகளை எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தேன். "போன் நம்பரும் அவரோடதுதான்" என்றேன்.

அவளுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த ஃபைலை நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. முகம் மாறியது. மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"காலேஜ்ல ஒரு நாள் மயக்கம் போட்டு விழுந்தேன், ஞாபகம் இருக்கா? உங்களுக்குப் பதினோரு கால் பண்ணாங்க. மிஷின் ஓடிட்டிருந்துச்சு, நீங்க எடுக்கல. அம்மா ஊர்ல இருந்தா. அப்புறம் அங்கிள்தான் டாக்ஸி வச்சிட்டு வந்தாரு. எமர்ஜென்சின்னா எடுக்கறவங்க நம்பர்தானே போடணும்? அவரை ரொம்பப் பிடிக்கும்னு போடலப்பா."

அன்றைக்கு அவள் டாக்ஸியில் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று நான் கேட்கவில்லை. ராமநாதன் சாரும் இத்தனை வருஷத்தில் சொல்லவில்லை.

அவள் ராஜாவை எடுத்து வளையத்தில் விரலை நுழைத்துச் சுற்றினாள். "பிடிச்சது நான். ரூல் ரூல்தான். ஒரு வருஷம் என்கிட்ட."

"இத்தாலிக்கா?"

"பின்னே? அவரு தோத்த ஊரை அவருக்குக் காட்ட வேணாமா?"

டீயோடு ராமநாதன் சார் வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, டீயில் ஆடை படிந்திருந்தது.

7

படையை மறு வாரமே மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய் பீரோவில் அடுக்கினேன். பெயிண்ட் அடித்தாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் மிஷினை ஓட்டுகிறேன். நடுங்குகிற மாதிரி வைத்திருக்கிறேன், சத்தம் கேட்காவிட்டாலும் நெஞ்சில் தெரியும்.

செப்டம்பரில் ஒரு மதியம் விமானம் ஏறினாள். சாரும் வந்திருந்தார். என்னையும் செண்பகத்தையும் கட்டிக்கொண்டாள், அவருக்குக் கை மட்டும் கொடுத்தாள். அதை நான் கவனித்துக்கொண்டேன், மறைப்பானேன். முதுகுப்பையின் ஜிப்பில் ராஜா தொங்கிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே நடக்க நடக்க அவன் எங்களைப் பார்த்தபடி ஆடிக்கொண்டே போனான்.

இந்த ஜனவரியில் ஒரு நாள் பிற்பகல் நெஞ்சில் போன் நடுங்கியது. மிஷினை நிறுத்தினேன். ஒரு போட்டோ. பனிமூட்டம், பழைய செங்கல் சுவர் ஒன்று, அதற்கு முன்னால் அவள் விரலில் வளையத்தோடு தொங்கும் ராஜா. கீழே ஒரு வரி, தமிழ் எழுத்தில். முதல் தடவையாகத் தமிழ் எழுத்தில். 'அப்பா, நீங்க இருந்தா குதிரய எங்க விடுவிங்க?'

உடனே ராமநாதன் சாருக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தைச் சொல்லவா, வேறு ஒன்றுக்கா என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"இசக்கி போட்டோ அனுப்பியிருக்கா சார். உங்களுக்கு வந்துச்சா?"

"இல்லையே. என்ன போட்டோ? நேக்கு ஒண்ணும் வரலையே" என்றார்.

வரவில்லை என்ற அந்தச் சொல் எவ்வளவு இனித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எஸ்.டி.டி. பூத்தில் நின்று, 'ஆறுமுகத்துக்கு லெட்டர் போடலப்பா' என்று நான் சொன்னபோது மறுமுனையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிறு மாட்டுங்காவுக்குப் போனேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி காலியாக இருந்தது. அவர் காபி கலந்துகொண்டுவந்து வைத்தார். "அந்தப் போட்டோவைக் காட்டுங்கோளேன்" என்றார்.

"இருங்க, உங்களுக்கே அனுப்பறேன்" என்றேன். பெருந்தன்மையாக இருக்க எனக்கும் ஒரு வாய்ப்பு. கீழே இருந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பினேன்.

மேஜைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த அவருடைய போன் டிங் என்று வெளிச்சமானது. நான் அனுப்பிய செய்தி திரையின் உச்சியில் வந்து நின்றது. அதற்குப் பின்னால், திரை முழுவதும், முகப்புப் படமாக ஏற்கெனவே இருந்தது அதே போட்டோ. பனிமூட்டம், செங்கல் சுவர், விரலில் தொங்கும் ராஜா.

அவர் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அது அசட்டுத்தனம் என்று தோன்றியிருக்க வேண்டும், திருப்பி எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்றைக்குத்தான் பார்ப்பவரைப்போல வெகுநேரம் பார்த்தார்.

"நன்னா இருக்கு" என்றார்.

அவருக்கு எப்போது வந்தது, எனக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க நாக்கு துடித்தது. காபியைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.

"இந்த வருஷம் நீங்க பிரெஞ்சுக்காரரா இருங்க சார்" என்றேன். "ராஜா இல்லை, வேற ஏதாவது ஒண்ணை வச்சுக்குவோம். குதிரையை எங்கே விடலாம்னு நினைக்கறீங்க?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.